தண்ணிக்கு மேல வேலை

ஏரி வெட்டிய அரசனைப் பற்றித் தமிழில் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. அணை கட்டிய வெள்ளைக்காரனைப் பற்றியும் இருக்கிறது. தூம்பு வைத்துக் கொடுத்தவன் பெயர் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அந்த ஏரிக்குள் நீந்திப் போய், ஆளை முழுங்கும் தண்ணிக்கு மேல் ஒரு கல் பலகையில் நின்று மடையைத் திறந்தவன் எப்படி உயிரோடு கரை சேர்ந்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் புனலையும் மடையையும் பற்றி எவ்வளவோ பாடல்களை மனப்பாடம் செய்தேன். ஒரு வகுப்பிலும் இந்தக் கேள்வி எழவில்லை. இங்கே நான் எழுப்புவது அந்த ஒரு கேள்வியைத்தான். தண்ணிக்கு மேல் வேலை செய்தவனின் உயிருக்கு யார் பொறுப்பு?

1

வடகவுஞ்சியில் பெய்கிற மழை வடகவுஞ்சியில் நிற்பதில்லை. ஓடை ஓடையாகக் கீழே இறங்குகிறது. பழனி மலையின் தெற்குச் சரிவில் விழுந்த தண்ணி வைகைக்கும், வடக்குச் சரிவில் விழுந்தது சண்முகாநதி வழியாக அமராவதிக்கும் போகிறது. எங்கள் ஊரிலிருந்து பழனிக்கு இறங்கும் மலைச்சாலையின் அடிவாரத்தில் வரதமாநதி அணை இருக்கிறது. பக்கத்தில் பாலாறு பொருந்தலாறு அணையும் குதிரையாறு அணையும். இந்த அணைகள் வருவதற்கு முன்னாலேயே அடிவாரத்தில் குளங்கள் இருந்தன. குளம் இருந்தால் மடை இருக்கும். மடை இருந்தால் அதைத் திறக்க ஒருவன் இருந்தாக வேண்டும்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா அப்படி ஒருவர். ஆயக்குடிப் பக்கம் ஒரு குளத்துக்கு நீர்பாய்ச்சி. சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் மடைக்காரன், கம்புகட்டி, மடைக்குடும்பன். பெயர் ஊருக்கு ஊர் மாறும், ஆள் இருக்கும் தெரு பெரும்பாலும் மாறாது. பள்ளரும் பறையருமே தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் இந்த வேலைக்கு விடப்பட்டார்கள். கூலி அறுப்புக் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணி, எந்த மடை எப்போது, கரையில் எங்கே எலி வளை விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஊர்க் கணக்கன் ஏட்டில் நிலத்தின் கணக்கு இருந்தது. தண்ணியின் கணக்கு சேரிக்காரன் தலையில் இருந்தது.

2

பழைய ஏரி மடை எப்படி இருக்கும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களுக்குக் குறுக்கே கல் பலகைகள், அவற்றில் துளை. துளை வழியாக ஒரு நீளக் கம்பு இறங்கும். கம்பின் நுனியில் இருக்கும் அடைப்பு, தண்ணிக்கு அடியில் கல் தொட்டியின் வாயை மூடியிருக்கும். இதுதான் குமிழித் தூம்பு. தெளிந்த தண்ணி போவதற்கு நீரோடித் துளை, அடியில் சேறு கலங்கிப் போவதற்குச் சேறோடித் துளை. தண்ணியோடு வண்டலும் வெளியேறி வயலுக்கு உரமாகும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இந்தப் பொறியை இன்று எல்லோரும் மெச்சுகிறார்கள். மெச்சத் தகுந்ததுதான்.

ஆனால் அந்தப் பொறி தானாக இயங்காது. ஏரி நிறைந்திருக்கும்போது ஒருவன் நீந்திப் போக வேண்டும். பாசி பிடித்த தூணில் ஏறி, கல் பலகையில் கால் ஊன்றி, கம்பைத் தூக்க வேண்டும். கம்பு இறுகிக் கிடந்தால் மூச்சடக்கி முங்கி, கையால் அடைப்பை அசைக்க வேண்டும். அடைப்பு விலகிய நொடியில் தண்ணி மொத்தமும் அந்தத் துளையை நோக்கிப் பாயும். கை, கால், வேட்டி எது அகப்பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். மேலே இருக்கும் தண்ணியின் கனம் அவனைத் துளையோடு வைத்து அழுத்தும். எவ்வளவு பெரிய நீச்சல்காரனானாலும் அந்தப் பிடியிலிருந்து தன் பலத்தால் மட்டும் விடுபட முடியாது.

தாத்தா இதற்கு விதிகள் வைத்திருந்தார். படிக்காத மனுசன். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே சொல்லுவார்:

"தனியா எறங்கக் கூடாது. கரையில ஒருத்தன் கயித்தைப் பிடிச்சிருக்கணும், அவன் பீடி பத்த வைக்கக் கூடாது, கண்ணு எம் மேலயே இருக்கணும். கயிறு இடுப்புலதான், கழுத்துப் பக்கம் வரவே கூடாது. வேட்டியை அவுத்து வச்சிட்டுக் கோவணத்தோட போ, துணிதான் ஆளை இழுக்கும். மடைக்கு நேரா நிக்காதே, ஒருச்சாய்ச்சுப் பக்கவாட்டுல போ. ரெண்டு இழுப்பு இழுத்தா தூக்குன்னு அர்த்தம். மலை கருத்திருச்சுன்னா மடையும் வேணாம் மண்ணும் வேணாம், கரையேறிரு."

கடைசி விதியை நான் வடகவுஞ்சிக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பிழைப்புக்காக எங்கள் குடும்பம் காப்பித் தோட்ட வேலைக்கு மலையேறியது. மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் கீழே வெயிலடிக்கும் ஊரில் திடுதிப்பென்று காட்டாறு வந்துவிடும். கீழே தண்ணிக்குள் நிற்பவன் மேலே மலையைப் பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். இன்று பாதுகாப்புப் பொறியாளர்கள் சொல்லிக் கொடுப்பதும் ஏறக்குறைய இதுதான்: ஒற்றையாக வேலை செய்யாதே, கண்காணிக்க ஒரு ஆள் வை, மேல்நீரோட்டத்தைக் கவனி, உறிஞ்சும் வாய்க்கு நேரே போகாதே. எங்கள் தெரு இதைச் செத்துச் செத்துக் கற்றது.

3

மடையன் என்ற வசைச் சொல் மடை திறப்பவனிடமிருந்து வந்தது என்று மேடைகளில் சொல்கிறார்கள். சொல்லாராய்ச்சி அதற்குத் துணை நிற்காது. அகராதியில் மடையன் என்றால் சமையற்காரன், மடைப்பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மடையன் மடமையிலிருந்து வந்தவன். நம் வாதத்துக்கு இந்தச் சொற்பிறப்பு தேவையுமில்லை. ஏனென்றால் நம்மிடம் கல்வெட்டே இருக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் கொண்டாடுகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. அதில் ஏரி வாரியம் வருகிறது. ஏரியை நிர்வகிக்கும் குழு. அதில் இருக்க என்ன தகுதி? வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நீந்தத் தெரிய வேண்டும் என்று இல்லை. ஏரியை ஆண்டவர்கள் கரையில் உட்கார்ந்தவர்கள். ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்கு நிவந்தம் வைத்த செய்திகளும் அக்காலக் கல்வெட்டுகளில் உண்டு. நிவந்தம் வைத்தவன் புண்ணியம் தேடிக்கொண்டான். ஓடத்தில் குனிந்து கூடை கூடையாகச் சேறு அள்ளியவன் பெயர் கல்லுக்கு வரவில்லை.

நந்தனாரையும் நினைத்துப் பார்க்கலாம். திருப்புன்கூரில் அவர் குளம் வெட்டியதாகச் சேக்கிழாரே பாடுகிறார். குளம் வெட்டிய கை சுத்தம். அதே ஆள் தில்லைக்குள் வர வேண்டுமென்றால் தீக்குளிக்க வேண்டும்.

எங்கள் தாத்தா ஊரிலும் இதே நியாயம்தான். குளத்தின் படித்துறையில் எங்கள் ஆட்கள் இறங்கக் கூடாது. குடிக்கத் தொட்டால் தீட்டு, குளிக்கத் தொட்டால் தீட்டு. ஐப்பசி மழையில் கரை முட்டத் தண்ணி நிற்கும் ராத்திரியில் மட்டும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அப்போது அதே தண்ணியில் முங்கலாம். தீட்டு எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்று ஒளிந்திருக்கிறது. படித்துறை மறுக்கப்பட்ட தெருவின் பிள்ளைகள் நீச்சல் எங்கே கற்பார்கள்? தாத்தா கற்றது எருமைகள் கிடக்கும் குட்டையில். அவர் தங்கச்சி, என் சின்ன அம்மாச்சி, கடைசி வரை கற்கவே இல்லை. தண்ணியில் இறங்கி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட சனத்துக்கே தண்ணியில் பழக உரிமை இல்லை. தீண்டாமை மனசைக் காயப்படுத்தும் விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஆளை மூழ்கடிக்கவும் செய்யும்.

அமெரிக்கக் கருப்பர்கள் கதையும் இதுதான். பொது நீச்சல் குளங்களில் அவர்களைத் தலைமுறை தலைமுறையாக விடவில்லை. 1964 ஜூன் 18 அன்று ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், வெள்ளையருக்கு மட்டுமான விடுதிக் குளத்தில் கருப்பரும் வெள்ளையருமான போராளிகள் சேர்ந்து குதித்தார்கள். விடுதிக்காரன் தண்ணியில் அமிலத்தை ஊற்றினான். இன்றைக்கும் அந்த நாட்டில் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகும் கருப்பினக் குழந்தைகளின் விகிதம் வெள்ளைக் குழந்தைகளைவிடப் பல மடங்கு. விலக்கி வைத்த சட்டம் செத்துப்போன பின்னும் அது கற்க விடாமல் செய்த நீச்சல் இல்லாமல் பிள்ளைகள் சாகிறார்கள்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். அரசியல் சட்டத்தின் 15ஆவது கூறு கிணறு, குளத்தோடு படித்துறையையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டமும் குறித்தது. குடிதண்ணீர் உரிமை என்ற அளவில் மட்டும் இவற்றைப் படித்துவிடுகிறோம். படித்துறை உரிமை என்பது நீச்சல் உரிமை, அதாவது சாகாமல் இருக்கும் உரிமை என்று நான் படிக்கிறேன்.

4

அரசாங்கம் இந்த ஆட்களை எப்போது கண்ணெடுத்துப் பார்த்தது? பழைய சட்டங்களைப் புரட்டினால் 1858 கண்ணில் படுகிறது. அந்த வருஷத்தின் முதலாம் சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை உடைகிறது, வெள்ளம் வருகிறது என்றால் அக்கம்பக்கத்தில் உள்ள உழைக்கும் வர்க்கத்தைச் சேர்ந்த திடமான ஆண்கள் எல்லோரையும் வேலைக்கு வரச்சொல்ல அதிகாரிக்கு அது உரிமை கொடுத்தது. கூலி கொடுக்கச் சொன்னது. மறுத்தால் தண்டனை என்றும் சொன்னது. உழைக்கும் வர்க்கம் என்றால் ஊரில் யார் என்று அதிகாரிக்கும் தெரியும், மணியகாரனுக்கும் தெரியும். நிலத்துக்காரன் பயிரைக் காப்பாற்ற நிலமில்லாதவன் உடைப்பில் இறங்க வேண்டும். இடுப்பில் கட்டக் கயிறு வேண்டும், பக்கத்தில் ஓடம் நிற்க வேண்டும், செத்தால் குடும்பத்துக்கு என்ன என்ற கவலை அந்தச் சட்டத்துக்கு இல்லை.

அடுத்து முல்லைப் பெரியாறு. எங்கள் மலைக்குத் தெற்கே கம்பம் பள்ளத்துக்கு அப்பால் நடந்த கதை. 1850இல் அங்கே முதல் முயற்சி தொடங்கியது. குடியிருக்க முடியாத இடம், கூலியை ஏற்று என்று வேலைக்காரர்கள் கேட்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது. உயிருக்கு விலை கேட்ட அந்தக் கூலிகளைப் பற்றி அரை வரிதான் இருக்கிறது. அவர்களைத் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் முன்னோடிகளில் சேர்க்க வேண்டும் என்பேன். பிறகு 1887இல் பென்னிகுவிக் தலைமையில் மீண்டும் தொடங்கி 1895இல் முடித்தார்கள். ஆற்றின் நடுவில் அஸ்திவாரம் போட வேண்டும். தண்ணியை மறிக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. திரும்பத் திரும்ப அதே ஆட்கள் இறங்கினார்கள். காய்ச்சல் வேறு. மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டில். அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. எதனால் சாகிறோம் என்று தெரியாமலே செத்தார்கள்.

நோயில் இறந்தவர்கள் 483 பேர் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அணைக்கு வடக்கே ஒரு இடுகாடு இருக்கிறது. பென்னிகுவிக்குக்கு 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். திறக்கட்டும், அவர் உழைப்பும் உழைப்புதான். அந்த இடுகாட்டில் கிடப்பவர்களின் ஊரும் பேரும் ஒரு பலகையிலாவது எழுதப்பட்டனவா என்பதுதான் என் கேள்வி.

அணையைப் போலவே பாலமும். 1964 டிசம்பர் 22, 23 புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஒரு ரயிலே பயணிகளோடு போயிற்று. பாலத்தை 46 நாளில் சரி செய்த பெருமை ஸ்ரீதரனுக்கு. உண்மைதான். கடலடியில் கர்டர்கள் கிடந்த இடத்தைக் கண்டு மீட்க உதவியவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். காற்றும் நீரோட்டமும் அறிந்தவனின் அறிவு இல்லாமல் எந்தப் பொறியாளனும் தண்ணிக்கு மேல் ஒரு ஆணி அடித்ததில்லை. பரிசு கொடுக்கும்போதுதான் அந்த அறிவு மறந்துபோகிறது.

5

பாதுகாப்பு என்பது செலவு, வேலை நடக்காது என்று காண்டிராக்டர்கள் சொல்வார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933 தொடங்கி 1937 வரை கட்டப்பட்டது. அடியில் குளிர்ந்த கடல், இழுத்துப்போகும் நீரோட்டம். தலைமைப் பொறியாளர் ஸ்ட்ராஸ் பாலத்துக்கு அடியில் நெடுக வலை கட்டினார். தலைக்கவசம் போடாதவனுக்கு வேலையில்லை என்றார். வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் செத்தார்கள். மொத்தச் சாவு 11. அந்த 10 பேர் சாவும் ஒரு பாடம்: வலை கட்டினால் போதாது, வலைக்கு மேலே தொங்கும் சாரத்தையும் சோதிக்க வேண்டும். ஆனாலும் 19 உயிர் மிஞ்சியது. வலைக்குச் செலவழிக்க மனசு வந்ததால் மிஞ்சியது.

நம் நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. 1998இல் விதிகள் வந்தன. தண்ணியில் விழும் ஆபத்து உள்ள இடத்தில் மூழ்காமல் காக்கவும் மீட்கவும் கருவிகள் வைக்க வேண்டும், ஆய்வாளர் அவசியம் என்று கருதினால் பயிற்சி பெற்ற ஆட்களோடு படகு நிறுத்த வேண்டும் என்று அந்த விதிகள் முதலாளிக்குச் சொல்லின. 1858இல் வெள்ளத்தில் இறங்கு என்று சொன்ன சட்டத்துக்கும், படகு வை என்று சொன்ன சட்டத்துக்கும் நடுவே 138 வருஷம். 2020இல் பாராளுமன்றம் இந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புச் சட்டம் ஒன்றுக்குள் சேர்த்தது. ஏட்டின் பெயர் மாறலாம். ஓடைக்கு மேல் பலகையில் நிற்பவன் கைக்கு இதுவரை எந்த ஏட்டிலிருந்தும் கயிறு வந்து சேரவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் எங்கள் மலையில் ஒரு ஓடைக்குக் குறுக்கே சிறு பாலம் கட்டினார்கள். இரண்டு பலகையைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் சிமெண்டுச் சட்டி சுமந்தார்கள். கைப்பிடிக் கயிறு கிடையாது. மேலே மழை. ஒரு கொத்தனார், எங்கள் ஆள், வழுக்கி விழுந்தார். அரை மைல் தள்ளிப் பாறை இடுக்கில் கிடைத்தார். வேலைக்காரர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்து இறந்தார் என்று எழுதினார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994இலேயே வந்துவிட்டது. அவரை யாரும் அதில் பதியச் சொல்லவில்லை. மனு எழுதிக்கொண்டு அவர் சம்சாரத்தோடு அலைந்தேன். அந்த அக்கா ஒரு மேசைக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

"குளிக்கப் போற மனுசன் கையில கரண்டியும் ரசமட்டமும் எதுக்குங்கய்யா?"

வேலையில் செத்தவனைக் குளிக்கப் போனவனாக்குவது புதிய தந்திரம் இல்லை. கூலியாக வந்தவனைக் கணக்கில் வைக்காமல் விடுவதன் மறுபக்கம் அது. பெயர் இருந்தால் பொறுப்பு வரும். ஆகவே தண்ணிக்கு மேல் வேலை செய்பவனுக்கு முதல் பாதுகாப்பு கயிறுகூட இல்லை. காலையில் பதிவேட்டில் எழுதப்படும் அவன் பெயர்.

6

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. தண்ணிக்கு மேல், தண்ணி ஓரம் வேலை என்றால் ஒருவனைத் தனியாக அனுப்பக் கூடாது. மிதவைச் சட்டை வேண்டும். கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கினார். உல்லாசப் படகில் ஏறுபவனுக்குச் சட்டை வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். சேறு அள்ளுபவனுக்கும் அதே உயிர்தான். பலகை என்றால் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கயிறு வேண்டும். கீழ்நீரோட்டத்தில் கயிறு கட்டிய மிதவை வளையமும் ஒரு ஆளும் நிற்க வேண்டும். மலைப் பகுதியில் மேல்நீரோட்டம் பார்க்க ஒரு காவல், அவன் கையில் விசில். விசில் கேட்டால் கேள்வி கேட்காமல் கரையேற உரிமை, அந்த நேரத்துக்கும் கூலி. மடை வேலை என்றால் வாயை மூடிய பிறகே ஆள் இறங்க வேண்டும்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று எந்தப் பஞ்சாயத்தும் கேட்டதாக நான் அறியேன். ஐ.நா. பொதுச்சபை 2021இல் மூழ்கிச் சாவதைத் தடுக்கத் தீர்மானம் போட்டு ஜூலை 25ஐ அதற்கான நாளாக அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் மீட்கும் முறையும் கற்றுக் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்லது. எங்கே கற்றுக் கொடுப்பது என்பதில்தான் நம் ஊரின் சாதி வெளியே வரும். காலனிக்குத் தனியாக ஒரு தொட்டி கட்டிக் கொடுக்கிறோம் என்று வருவார்கள். வேண்டாம். ஊர்க் குளத்தின் படித்துறையில், எல்லாத் தெருப் பிள்ளைகளோடும், பெண் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும் தோழர்கள் தங்கள் ஊரில் மடை திறந்த பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் போய் உட்காருங்கள். எந்தக் குளம், எத்தனை மடை, யார் கயிறு பிடித்தது, யார் திரும்பி வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். ஊர் பெயரோடு, ஆள் பெயரோடு எழுதுங்கள். தூம்புக் கல்லில் இடமில்லாமல் போன பெயர்கள் காகிதத்திலாவது நிற்கட்டும்.